நாளும் ஓரையும்: சோதிடத்தின் அடிப்படை பற்றி ஓர் ஆராய்ச்சி

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய நிலப்பகுதி தோல் பதனிடும் தொழிலால் உலகறிந்தது. இப்பகுதியில் வானத்தைக் கணிக்கும் நெறிகள் இரண்டு அருகருகே வாழ்ந்து வருதலைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று பஞ்சாங்க நெறி. ஆற்காட்டின் பெயரைத் தாங்கிய சீதாராமய்யர் சர்வ முகூர்த்தப் பஞ்சாங்கம் தமிழகமெங்கும் அறியப்பட்டது. மற்றொன்று, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைமேற் செல்வார் காணும் காவலூர் வானாய்வகம். 1986-இல் அங்கு நிறுவப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரால் வழங்குகிறது. 1988-இல் அங்கிருந்து கண்டறியப்பெற்ற சிறுகோளுக்கு இராமானுசன் பெயர் இடப்பட்டது. ஆம்பூர் வணிகருள் இசுலாமியர் பிறையைக் கண்ணாற் கண்டே திங்களைத் தொடங்குவர் என்பதையும் சேர்த்து எண்ணின், நெறிகள் மூன்று எனலாம். இவற்றுள் பஞ்சாங்கத்தின்மேல் எழுந்து நிற்கும் சோதிடம் எவ்வடிப்படையினது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. யான் ஐயுறுவோர் பக்கத்தவன். ஆயினும் எள்ளி நகையாடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. சோதிடத்தின் சொற்களையே சான்றாக நிறுத்தி வினவுவதே நோக்கம்.

சோதிடம் என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பன இரண்டு. ஞாயிறு, திங்கள் முதலியன எந்நாளில் எவ்விடத்து நிற்கும் எனக் கணித்தல் ஒன்று. அந்நிலையால் மாந்தர்க்கு இன்னது விளையும் எனக் கூறல் மற்றொன்று. முன்னது கணிதம், பின்னது பலன். சொன்ன நாழிகையிற் கிரகணம் நிகழக் கண்டோர், கணிதத்தின் வெற்றியைப் பலனுக்கும் ஏற்றிவிடுகின்றனர். இவ்விரண்டையும் பிரித்து நோக்காமல் இவ்வாராய்ச்சியில் ஓரடியும் எடுத்து வைத்தல் இயலாது.

'ஓரை' என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சுக்கிர ஓரை, குரு ஓரை என அச்சிட்டிருத்தல் காண்கிறோம். ஒரு நாளுக்கு ஓரை 24. கோள்களை, அவை வானைச் சுற்றிவரும் காலத்தின் இறங்குமுறையில், சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் எனப் பண்டையோர் நிரல்படுத்தினர். இவ்வேழும் இந்நிரலிலேயே ஓரைகளுக்குத் தலைமை பூணும். முதல் ஓரைக்குத் தலைமை பூண்ட கோளின் பெயரை அந்நாள் பெறும். சனிக்கிழமையின் முதல் ஓரை சனிக்கு உரியது. 22-ஆம் ஓரை மீண்டும் சனிக்கும், 23-ஆவது வியாழனுக்கும், 24-ஆவது செவ்வாய்க்கும் உரியவாக, மறுநாளின் முதல் ஓரை ஞாயிற்றுக்கு வருகின்றது. அவ்வாறே அதனை அடுத்து வருவது திங்கள், பின்னர்ச் செவ்வாய். நாம் நாள்தோறும் வழங்கும் கிழமைகளின் வரிசை இக்கணக்கில் பிறந்ததே. உரோம வரலாற்றாசிரியர் காசியசு தியோ கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்விளக்கத்தைத் தந்துள்ளார்.

இனி, நம் நாட்டுப் பழைய அளவையாகிய நாழிகையைக் கொண்டு இதே கணக்கைச் செய்து பார்க்க. நாளொன்றுக்கு நாழிகை 60. அதனை ஏழால் வகுப்பின் மீதி நான்கு. சனிக்கு அடுத்த நாளின் முதல் நாழிகை வெள்ளிக்கும், அதற்கு அடுத்த நாளினது வியாழனுக்கும் உரியதாகும். கிழமைகள் சனி, வெள்ளி, வியாழன், புதன் எனப் பின்னோக்கி நடக்கும்! ஆகவே, கிழமை வரிசை நாழிகை வழங்கிய நாட்டில் தோன்றியிருத்தல் இயலாது. நாளை 24 கூறாகப் பகுத்தோரிடையே தோன்றியிருத்தல் வேண்டும். அப்பகுப்பு எகிப்தியருடையது, கிரேக்கர் வழியாகப் பரவியது. இந்தியக் கல்வெட்டுகளுள் கிழமையை முதன்முதற் குறிப்பது ஏரண் என்னும் ஊரிலுள்ள புதகுப்தன் காலத்துத் தூண் கல்வெட்டு. அதன் காலம் கி.பி. 484. வேதாங்க சோதிடத்திலோ கிழமையும் இல்லை, இராசியும் இல்லை. சாதகக் கலை வேத காலத்தது என்பார் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

ஓரை ஒன்று மட்டுமன்று. கேந்திரம் என்பது கிரேக்கத்துக் 'கென்ட்ரோன்', திரேக்காணம் 'தெக்கானோசு', பணபரம் 'எபனபொரா', ஆபோக்கிலிமம் 'அபோக்கிலிமா'. வராகமிகிரர் மேடத்தைக் கிரியம் என்றும் இடபத்தைத் தாவுரி என்றும் கிரேக்கப் பெயரால் வழங்கியுள்ளார். யவனர் மிலேச்சராயினும் இக்கலையில் வல்லராதலின் முனிவரைப் போல் மதிக்கத்தக்கவர் என்னும் கருத்தையும் அவர் மறையாது பதிவு செய்துள்ளார். கடன் கொண்டதைக் கடன் என்றே கூறிய அவ்வாறாம் நூற்றாண்டு அறிஞரின் நேர்மை பிற்காலத்தார் பலரிடத்து இல்லை. இச்சொற்களுள் நம் உள்ளத்தை ஈர்க்க வேண்டியது யாமித்திரம். சாதகத்தின் ஏழாம் வீட்டுக்கு, அஃதாவது மணவாழ்வைக் குறிக்கும் வீட்டுக்கு, இப்பெயர். விட்டம் எனப் பொருள்படும் 'தியாமெத்ரோன்' என்னும் கிரேக்கச் சொல்லின் திரிபு இது. இலக்கினத்திற்கு நேர் எதிரே விட்டத்தின் மறுமுனையில் நிற்றலின் இப்பெயர் பெற்றது. ஏழில் செவ்வாய் உண்டு என்று கூறி ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் உழைக்கும் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சைத் தட்டிக் கழிப்போர், வடிவியலின் கலைச்சொல் ஒன்றினைத் தெய்வ வாக்காகக் கொள்கின்றனர் என்பதை அறியார்.

அங்ஙனமாயின், தமிழர்க்கு உரியதென ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அது நாள் ஆகும். திங்கள் உரோகிணியைக் கூடிய நன்னாளில் மணம் நிகழ்ந்ததை அகநானூற்றின் 86, 136-ஆம் பாடல்கள் காட்டுகின்றன. விண்மீன் வீழ்ந்தமை கண்டு வேந்தனுக்குத் தீங்கு நேருமென அஞ்சிய செய்தியைப் புறநானூற்று 229-ஆம் பாடல் கூறுகின்றது. இவை கண்ணாற் கண்ட வானத்தைப் பற்றியவை. பிறந்த பொழுதின் இலக்கினம் கொண்டு ஒருவர் வாழ்வை வரையறுக்கும் முறை இவற்றில் இல்லை. நெடுநல்வாடையில் இராசி வட்டம் மேடம் முதலாகச் சுட்டப்படுதலை மறுப்பதற்கில்லை. எனினும் அங்கும் ஞாயிற்றின் இயக்கம் கூறப்பட்டதேயன்றிப் பலன் கூறப்படவில்லை.

தொல்காப்பியக் களவியலில் ஓரை என்னும் சொல் நாளொடு சேர்ந்து வருதல் கொண்டு, அந்நூல் கிரேக்கச் சோதிடம் பரவிய பின்னர் எழுந்ததென வையாபுரிப் பிள்ளை காலம் கணித்தார். அதனை மறுத்து, ஓரையைத் தமிழ் வேரினின்றே வருவிப்போரும் உளர். சங்கப் பாடல்களில் ஓரை மகளிர் விளையாட்டையே குறிக்கின்றது. களவியலிலோ அப்பொருள் பொருந்தாது. ஆதலின் பொழுதைக் குறிக்கும் ஓரையைக் கடன்சொல்லாகக் கொள்வதே நேரிது என்பது என் கருத்து. ஆயின், ஒரு நூற்பாவின் ஒரு சொல்லைக் கொண்டு முழு நூலின் காலத்தையும் இழுத்து நிறுத்துதல் மிகையாகும். அந்நூற்பா, களவில் ஒழுகும் தலைவன் பொழுதும் நாளும் நோக்குவன் என்றும், அவற்றை நோக்காது செல்வன் என்றும் இருவகையாகப் பொருள்கொள்ள இடந்தருவது.

கணிதப் பகுதிக்கு வருவோம். இங்குத் தமிழர் பெருமை ஐயத்திற்கு இடமின்றி விளங்குகின்றது. 1768-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானூலார் லெ சான்டீல், தமிழர் கணக்குமுறையைத் தமிழர் ஒருவரிடமே கற்றார். 1765 ஆகத்து 30-ஆம் நாள் நிகழ்ந்த திங்கட் கிரகணத்தின் கால அளவை அம்முறை 41 நொடி குறைவாகக் காட்டியது. அக்காலத்து ஐரோப்பாவிற் சிறந்தனவாகக் கருதப்பட்ட மேயரின் அட்டவணைகள் 68 நொடி மிகையாகக் காட்டின. சென்னை வானாய்வுக்கூடத்திற் பணியாற்றிய சான் வாரன், 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில், பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஏடும் எழுத்தாணியும் இன்றிச் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களின் துணைகொண்டு கிரகணம் கணித்தமையை விளக்குகின்றார். அவ்வாண்டு மே 31, சூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிடமே பிழைத்தது; முடிவில் 52 நிமிடம் பிழைத்தது. வாக்கியங்களில் எழுத்துகளே எண்களாக நிற்கும். திங்களுக்கு உரியவை 248. வரருசியின் பெயரால் வழங்குபவை. திங்கள் புவிக்கு அண்மையிலிருந்து மீண்டும் அண்மைக்கு வரும் சுற்று ஒன்பது முறை நிறைவுற ஏறத்தாழ 248 நாள் ஆகும். இதே எண் பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் கிரேக்கப் பாப்பிரசு ஏடுகளிலும் உள்ளதென 1952-இல் ஆட்டோ நியூகேபவர் எடுத்துக்காட்டினார். களிமண்ணில் எழுதியோர் மறைந்தனர். சோழி பரப்பியோர் அக்கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரோடு வைத்திருந்தனர்.

அக்கணிதர் வானைப் பார்த்துக் கணிக்கவில்லை. கணிக்கும் கொள்கையையும் அறிந்திலர். வாய்பாடு தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. ஆயின் வானொடு ஒத்துப் பார்த்துத் திருத்தப்படவில்லை. அச்சென்னை வானாய்வுக்கூடத்திலேயே பணியாற்றியவரும், 1874-ஆம் ஆண்டின் வெள்ளிக் கடப்பைப் பற்றித் தமிழில் எழுதியவருமான சிந்தாமணி இரகுநாதாசாரியார், பஞ்சாங்கத்தைக் கண்கூடான நிலைக்கேற்பத் திருத்த வேண்டுமென வற்புறுத்தினார். திருக்கணிதம் இவ்வெண்ணத்தின் வழிப்பட்டது. வாக்கியமோ தன் வழியே சென்றது. விளைவை அண்மையிற் கண்டோம். திருக்கணிதப்படி சனி கும்பத்திற் புகுந்தது 2023 சனவரி 17. வாக்கியப்படி அதே ஆண்டு திசம்பர் 20, திருநள்ளாற்றில் விழா எடுத்த நாளும் அதுவே. மீனத்திற் புகுந்தது திருக்கணிதத்தில் 2025 மார்ச்சு 29; வாக்கியத்தில் 2026. சனியோ ஒன்றுதான். காவலூர்த் தொலைநோக்கியில் அஃது ஓரிடத்தேதான் தோன்றும். ஏழரைச் சனி எனக்குத் தொடங்கிவிட்டதா என வினவும் ஒருவர்க்கு, இரு பஞ்சாங்கங்களும் பதினொரு திங்கள் இடைவெளியில் இருவேறு விடை கூறுகின்றன. ஆயினும் இருவகைப் பலனும் பலித்ததாகக் கூறுவோர் இரு பக்கத்தும் உளர். பலன் கோளின் நிலையைப் பற்றி நிற்பதாயின் இஃது எங்ஙனம் பொருந்தும்?

பலனை நேரடியாகச் சோதித்தவரும் உண்டு. 2008-இல் வானியற்பியலறிஞர் செயந்த் நார்லிகரும் அவர்தம் குழுவினரும் மராட்டியத்தில், அறிவுத்திறன் மிக்க மாணவர் 100 பேர், மனவளர்ச்சி குன்றியோர் 100 பேர் ஆகியோரின் சாதகங்களைத் திரட்டினர். இவை எவ்வகையினருடையன எனக் கூறுமாறு சோதிடர்க்கு ஆளுக்கு 40 அனுப்பினர். விடையளித்த 27 சோதிடரின் கூற்றுகளுள் சரியானவை நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பார்ப்பினும் 50 கிட்டும். இது நிகழ்வதற்கு முன்னரே, 2001-இல், பல்கலைக்கழக மானியக் குழு சோதிடப் பட்டப்படிப்புக்கு வழிவகுத்திருந்தது. அதனை எதிர்த்துப் பார்கவா முதலியோர் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2004-இல் தள்ளுபடி செய்தது.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குச் சோதிடத்தில் வேலை இல்லாமல் இல்லை. பரிபாடலின் 11-ஆம் பாடல், கோள்கள் நின்ற இராசிகளையும் திங்களைப் பாம்பு மறைத்தலையும் கூறி, அந்நாளில் மழை பெய்து வையை பெருகியதைப் பாடுகின்றது. இந்நிலை கி.பி. 634 சூன் 17-க்கு உரியதெனச் சாமிக்கண்ணுப் பிள்ளை கணித்தார், உடன்படாதோர் பலர். ஆயின் காலம் கணிப்பதற்கு முன் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. செவ்வாய் மேடத்தில், வெள்ளி இடபத்தில், புதன் மிதுனத்தில், வியாழன் மீனத்தில், சனி மகரத்தில் என ஐந்து கோளும் தத்தம் ஆட்சி வீடுகளிலேயே நிற்பனவாகப் புலவர் கூறுகின்றார். அது வையைக் கரையில் நின்று அவர் கண்ட வானமா, மழைக்கு நன்னிலையெனச் சோதிட ஏட்டிற் படித்த வானமா? வெள்ளி ஞாயிற்றினின்று 47 பாகைக்கு மேல் விலகாது. புதன் 28 பாகைக்கு மேல் விலகாது. கிரகணத்திற்குத் திங்கள் ஞாயிற்றுக்கு நேர் எதிரே நிற்றல் வேண்டும். இவ்வரையறைகளுக்குள் அடங்கும் நாள்களைச் சங்க காலத் தொடக்கம் முதல் எட்டாம் நூற்றாண்டு முடிய ஒன்றுவிடாது கணித்துப் பட்டியலிடுதல் இன்றைய கணிப்பொறிக்குச் சில நாழிகை வேலை. முனைவர்ப் பட்டத்திற்குப் பொருள் தேடும் மாணாக்கர் ஒருவர் வானியலார் ஒருவரோடு அமர்ந்து இதனை மேற்கொள்ளலாம்.