ஆபரேஷன் என்றாலே அவளுக்குத்தானா?

இரண்டாவது பிரசவத்துக்கு அட்மிட் ஆனதுமே கேள்வி வந்துவிடும்: "ஆபரேஷனையும் சேர்த்தே முடிச்சிடலாமா?" கட்டிலில் இருப்பவள் மாமியார் முகத்தைப் பார்ப்பாள். "பண்ணிடுங்க டாக்டரம்மா" என்பார் மாமியார். வராண்டாவில் நிற்கும் கணவனிடம், "நீங்க பண்ணிக்கிறீங்களா தம்பி?" என்று யாரும் கேட்பதில்லை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம்தான்.

மற்ற வழிகளின் கதை என்ன? அமெரிக்கக் கணக்கின்படி, ஆணுறையை நம்பும் 100 ஜோடிகளில் 13 பேருக்கு ஓராண்டுக்குள் கரு தங்கிவிடுகிறது. தினசரி மாத்திரையில் 7, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் 4. மாத்திரையில் மறதிதான் வில்லன். காப்பர் டி-யில் ஒன்றுக்கும் குறைவு. ஒருமுறை போட்டால் பத்தாண்டு வரை தாங்கும் வகையும் உண்டு.

ஆனால், காப்பர் டி போட்டால் பலருக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு கூடும். எனக்கு உறுத்துவது இதுதான். அதே குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவளிடமே இன்னும் ரத்தம் கேட்கிறோம். வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனுக்கும் அவளையே படுக்க வைக்கிறோம்.

ஆணுக்கான தழும்பில்லாத கருத்தடையில் மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையில் சின்னத் துளையிட்டு, விந்தணு வரும் குழாயைத் துண்டிப்பார்கள். கால் மணி நேர வேலை, தையல் கிடையாது. தோல்வி ஆயிரத்தில் ஒன்றிரண்டு. பெண்ணுக்கான ஆபரேஷனில் ஐந்து.

"அவர் மூட்டை தூக்குறவருங்க, தெம்பு போயிடும்" என்று மனைவியே தடுப்பதுண்டு. ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலப்பது; அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை. தெம்பும் குறையாது, தாம்பத்தியமும் கெடாது. தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: 1976-77 நெருக்கடி நிலைக் காலத்தில் நாடெங்கும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. கட்டாயப்படுத்திச் செய்தவை ஏராளம். அதனால் வந்த பயம் நியாயமானது. அதன் விலையை இன்றுவரை பெண்கள் கொடுப்பது நியாயமல்ல.

'என் உடம்பில் செய்தால்தான் எனக்கு நிம்மதி' என்னும் பெண்களும் உண்டு. அது அவர்கள் உரிமை.

செய்துகொள்ளும் ஆண்களுக்கு ஒன்று: குழாயில் மிச்சமிருக்கும் விந்தணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதன்பின் விந்துப் பரிசோதனை கட்டாயம். அதுவரை ஆணுறையை நீங்களே போடுங்கள். அந்த மூன்று மாதத்தையும் அவள் மாத்திரையில் ஓட்டிவிடாதீர்கள்.