கூலிக்குப் பதில் பங்கு கொடுக்கலாமா?

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, இங்கே கூலியில் பிடித்தம் செய்து பங்கு சேர்க்கிறீர்கள். அமெரிக்காவில் கார் ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனிக்காரர்கள் பங்கையே கூலியாகத் தருவதாகச் சொல்கிறார்களே, அது நல்லதுதானே?" அவருடைய மகன் சென்னையில் கைப்பேசிச் செயலி ஒன்றின் மூலம் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஆகவே அது வீண் கேள்வியன்று.

இவ்வாறு செயலி வழியே வேலை பெறுவோரை இப்பொழுது 'கிக்' தொழிலாளர் என்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. சவாரிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. கம்பெனிகள் இவர்களைப் பெரும்பாலும் ஊழியர் என ஒப்புக்கொள்வதில்லை. சுயேச்சையான ஒப்பந்தக்காரர் என்றே கூறுகின்றன. சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லிலிருந்து எழுகிறது.

அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஊழியருக்குரிய குறைந்தபட்சக் கூலியை ரொக்கமாகவோ காசோலையாகவோ கொடுத்தாக வேண்டும். பங்கு கொடுத்தால் அது இதற்கு மேற்பட்டதாகவே இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

பங்கைப் பற்றியது வேறொரு சட்டம். பங்குகளை வெளியிடும் கம்பெனி அவற்றைப் பதிவு செய்து தன் கணக்குகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்பது பொது விதி. சந்தைக்கு வராத கம்பெனிகள் ஊழியருக்கும் ஆலோசகருக்கும் ஊதியமாகத் தரும் பங்கிற்கு 1988-இல் ஏற்பட்ட 701-ஆம் விதி விலக்களிக்கிறது. ஓட்டுநரோ ஊழியருமல்லர், ஆலோசகருமல்லர். அவர்கள் பயணிக்கே சேவை செய்கிறார்கள், எமக்கன்று என்று கம்பெனிகளே வாதாடி வந்தன. தாம் கட்டிய வேலி தம் வழியையே மறித்தது வேடிக்கைதான்.

2018-இல் ஊபரும் ஏர்பிஎன்பியும் இவ்விதியைத் தளர்த்தக் கோரிப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திற்கு எழுதின. 2020 நவம்பரில் ஆணையம் ஐந்தாண்டுத் தற்காலிகத் திட்டம் ஒன்றை முன்மொழிந்தது. ஒருவர் அக்கம்பெனியிடம் பெறும் ஆண்டு வருமானத்தில் 15 சதவிகிதத்திற்கும், மூன்றாண்டுகளில் 75,000 டாலருக்கும் மேற்படாமல் பங்கு தரலாம் என்பது அதன் சாரம். ரொக்கம் வேண்டுமா, பங்கு வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அளிக்கலாகாது என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. ஆணையத்தின் ஐவரில் இருவர் இதை எதிர்த்தனர். திட்டம் இறுதி விதியாகவில்லை.

சட்டம் இவ்வளவு தயங்குவது ஏன் என்று கேட்போர் ஜூனோவின் கதையை அறிய வேண்டும். 2016-இல் நியூயார்க் நகரில் தொடங்கிய இந்த வாடகைக் கார் கம்பெனி, ஸ்தாபகப் பங்குகளில் பாதியைக் காலப்போக்கில் ஓட்டுநர்களுக்கே அளிப்பதாக வாக்களித்தது. மாதந்தோறும் குறித்த மணிக்கணக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். ஈராண்டு இவ்வாறு ஓட்டிய பிறகே பங்கு சொந்தமாகும். "எங்கள் கம்பெனி" என்று நம்பி ஓட்டுநர் பலர் வந்து சேர்ந்தனர். மறு ஆண்டு ஏப்ரலில், அந்த ஈராண்டு நிறைவதற்கு முன்பே, ஜூனோ 'கெட்' என்னும் கம்பெனிக்கு விற்கப்பட்டது. விலை 20 கோடி டாலர் எனப் பத்திரிகைகள் எழுதின. ஓட்டுநர் பங்குத் திட்டம் அத்துடன் முடிவுற்றது. அவர்களுக்குக் கிடைத்தது சொற்பத் தொகையே. விற்பதா வேண்டாமா என்று அவர்களை ஒருவரும் வாக்குக் கேட்கவில்லை. 2019-இல் ஜூனோவும் மூடப்பட்டது.

ஊபர் 2019 மே மாதத்தில் சந்தைக்கு வந்தபோது வேறு வழியைக் கையாண்டது. அமெரிக்காவில் 2,500 சவாரி முடித்தவருக்கு 100 டாலர், 20,000 சவாரி முடித்தவருக்கு 10,000 டாலர் எனப் பணமாகவே வழங்கி, விரும்பினால் வெளியீட்டு விலைக்கே பங்கு வாங்கிக்கொள்ள இடமளித்தது. அவ்விலை 45 டாலர். முதல் நாள் மாலையிலேயே பங்கு 41.57 டாலருக்கு இறங்கிவிட்டது.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 62-ஆம் பிரிவும் இத்தகைய பங்குத் திட்டத்தை ஊழியருக்கென்றே வகுத்துள்ளது. கிக் தொழிலாளருக்குச் சட்டம் காட்டும் வழி வேறு: 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, செயலிக் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதம் வரை அவர்களுடைய நலநிதிக்குச் செலுத்த வேண்டும்.

அதே நியூயார்க்கில் 2021-இல் ஓட்டுநர்களுக்கே சொந்தமான ஒரு கூட்டுறவு செயல்படத் தொடங்கியது. டிரைவர்ஸ் கோஆபரேட்டிவ் என்பது அதன் பெயர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நம் விதியே அங்கும். கூட்டுறவுப் பங்கு எவரையும் தனவந்தராக்கியதில்லை. நம் சங்கத்தில் 100 ரூபாய்ப் பங்கு இருபது ஆண்டு கழித்தும் 100 ரூபாயாகவே இருக்கும். இதை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை. ஆனால் சங்கத்தை மற்றொன்றுடன் இணைப்பதானால் பொதுக்குழுவின் முன் வைத்தாக வேண்டும்.

பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவே. யாரேனும் பங்கு தருவதாகக் கூறினால், சவாரிக் கூலி முழுவதும் ரொக்கமாகக் கைக்கு வருகிறதா என்று மகன் முதலில் பார்க்கட்டும். கம்பெனி கைமாறினால் அப்பங்கு என்னவாகும் என்பது எந்த ஷரத்தில் உள்ளது என்று பிறகு கேட்கட்டும். அவர் என்னிடம் பேனா வாங்கி, கூட்ட அறிவிப்பின் பின்புறத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.