மேசைக் கணிப்பொறியில் மீடியாவிக்கி: அகராதித் தொகுப்பாளர் நோக்கில் ஒரு விளக்கம்

1. முன்னுரை

வட்டாரச் சொற்களைத் தொகுப்போர் களத்தில் திரட்டிய தரவுகளை முன்னர்ச் சீட்டுகளில் எழுதி அகரவரிசையில் அடுக்கினர். பின்னர்க் கணிப்பொறி புகுந்தபோது, எழுத்துருதோறும் குறியேற்றம் வேறுபட்டமையால், எழுத்துரு வழக்கொழிந்தவுடன் தரவும் படிக்க இயலாததாயிற்று. யூனிகோடு இவ்விடர்ப்பாட்டைப் பெருமளவு நீக்கியுள்ளது. எனினும் தரவு எவர் பொறுப்பில் இருக்கிறது, எவ்வரிசையில் அடுக்கப்படுகிறது என்னும் இரு வினாக்கள் எஞ்சுகின்றன. மென்பொருளைத் தொகுப்பாளரே தம் கணிப்பொறியில் நிறுவிக்கொள்வாராயின் இவ்விரண்டையும் அவரே முடிவு செய்யலாம். விண்டோஸ் இயங்குதளத்தில் மீடியாவிக்கியை நிறுவும் முறையினையும், அதில் மொழியியலார் கருத வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. மென்பொருளின் இயல்பு

மீடியாவிக்கி, விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்டு 2003இல் இப்பெயர் பெற்றது. இது திறந்த மூலநிரல் கொண்டது. கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் உரிமை தருவது. ஒவ்வொரு பக்கத்திலும் எவர், எப்பொழுது, எதனை மாற்றினார் என்னும் வரலாறு பதிவாகும். பலர் கூடித் தொகுக்கும் அகராதிக்கு இது பெரிதும் பயன்படும்.

இம்மென்பொருள் தனித்து இயங்குவதன்று. பக்கங்களை வழங்கும் வலைச் சேவையகம், பிஎச்பி என்னும் நிரல்மொழி, தரவுத்தளம் ஆகிய மூன்றும் இதற்கு வேண்டும். அப்பாச்சி, பிஎச்பி, மரியாடிபி ஆகியவற்றை ஒருங்கே தரும் தொகுப்பு சாம்ப் எனப்படும்.

3. நிறுவும் முறை

முதலில், இரு மென்பொருள்களின் பதிப்புகளும் பொருந்துகின்றனவா எனக் காண வேண்டும். சான்றாக, மீடியாவிக்கி 1.43க்குப் பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை. சாம்ப் தொகுப்பை, விண்டோஸ் கட்டுப்பாடுகள் மிகுந்த நிரல் கோப்புறையில் இடாமல், வட்டின் முதல் நிலையிலேயே நிறுவுதல் நன்று. பின்னர் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அப்பாச்சியையும் தரவுத்தளத்தையும் இயக்க வேண்டும். 80ஆம் வாயிலை வேறொரு நிரல் கைக்கொண்டிருப்பின் அப்பாச்சி இயங்காது. அந்நிலையில் அமைப்புக் கோப்பில் 8080 என மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் ஐஎன்டிஎல் என்னும் நீட்சிக்குரிய வரியின் முன்னுள்ள அரைப்புள்ளி இருப்பின் அதனை நீக்கி, அப்பாச்சியை மீண்டும் இயக்க வேண்டும். தமிழ் அகரவரிசைக்கு இந்நீட்சி இன்றியமையாதது.

மீடியாவிக்கிக் கோப்புகளை விரித்து, சாம்ப் தொகுப்பில் வலைப்பக்கங்களுக்கென அமைந்த கோப்புறைக்குள் இட வேண்டும். உலாவியில் 127.0.0.1 என்னும் முகவரியை அடுத்து அக்கோப்புறையின் பெயரைத் தர, நிறுவு பக்கம் தோன்றும். அங்கு மொழியாகத் தமிழைத் தெரிவு செய்து, தரவுத்தளத்தின் பெயர், பொறுப்பாளர் கணக்கு முதலியவற்றைத் தர வேண்டும். இறுதியில் கிடைக்கும் அமைப்புக் கோப்பை மீடியாவிக்கிக் கோப்புறையில் இட்டவுடன் நிறுவல் நிறைவுறும்.

4. அகரவரிசைச் சிக்கல்

யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் அமைந்துள்ளன. எனவே குறியெண்ணை மட்டும் பின்பற்றினால் சொற்கள் 'அனல், அரசு, அறம், அலை, அளவு, அழகு, அவல்' என அடுக்கப்படும். தமிழ் மரபில் இவை 'அரசு, அலை, அவல், அழகு, அளவு, அறம், அனல்' என வர வேண்டியவை. மேலும், புள்ளிக்குரிய குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னர் வைக்கப்பட்டுள்ளதால் 'அக்கா' என்பது 'அகவை'க்குப் பின் தள்ளப்படும். அகராதி மரபிலோ 'அக்கா' முந்தும்.

நிறுவியவுடன் மீடியாவிக்கி குறியெண் வரிசையையே பின்பற்றுகிறது. அமைப்புக் கோப்பில் பகுப்பு வரிசைக்குரிய மாறிக்குத் தமிழ் வரிசையை மதிப்பாகத் தந்தால் இது சீராகும். முன்னரே பக்கங்கள் இருப்பின், வரிசையைப் புதுப்பிக்கும் பராமரிப்பு நிரலையும் இயக்க வேண்டும். இத்திருத்தம் பகுப்புப் பக்கங்களுக்கே பொருந்தும். அனைத்துப் பக்கங்களின் பட்டியல் பழைய நிலையிலேயே நிற்கும். ஆதலின் தலைச்சொல் ஒவ்வொன்றையும் ஒரு பகுப்பினுள் அடக்குதல் வேண்டும்.

5. எழுத்தளவும் உருவொப்புமையும்

பக்கத் தலைப்பின் மேல் எல்லை 255 பைட்டுகள். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் பெறும். 'கொற்றவை' என்பது நான்கெழுத்துச் சொல்லாயினும் 7 குறியெண்கள், 21 பைட்டுகள் கொண்டது. ஆகவே தமிழில் ஒரு தலைப்பு 85 குறியெண்களுக்குள் அமைய வேண்டும். தனிச் சொற்களுக்கு இது போதுமானது, பழமொழிகளுக்குப் போதாமற்போகலாம்.

ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தோ உள்ளிடலாம். மீடியாவிக்கி இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஆயின் ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதினால் அது வேறு சொல்லாகவே கொள்ளப்படும். இங்ஙனம் 'ஔவை' ஈரிடங்களில் பதிவாதலைத் தொகுப்பாளரே தடுக்க வேண்டும்.

6. தரவுப் பாதுகாப்பு

தகவலாளர் நம்பி அளித்த செய்திகள் பொதுவெளிக்குச் செல்லலாகாது. நிறுவும்போது தனியார் விக்கி என்னும் தெரிவை மேற்கொண்டால், கணக்கு இல்லாதோர் பக்கங்களைப் படிக்க இயலாது. சாம்ப், நிரல் உருவாக்குவோர்க்கெனவே அமைக்கப்பட்டது; அதன் தரவுத்தள முதன்மைக் கணக்குக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல் இல்லை. எனவே கடவுச்சொல் அமைப்பதோடு, இக்கணிப்பொறியை இணையத்திற்குத் திறந்துவிடாதிருத்தலும் வேண்டும்.

பக்கங்களைப் படியெடுக்கும் நிரல், பதிவேற்றிய ஒலிக்கோப்புகளையும் படங்களையும் படியெடுப்பதில்லை. தரவுத்தளம், பதிவேற்றக் கோப்புறை, அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தாலன்றிக் காப்பு முழுமையுறாது. படியை மற்றொரு கணிப்பொறியில் மீட்டுப் பார்த்தலும் தேவை.

7. முடிவுரை

நிறுவுதல் தொழில்நுட்பர்க்கு மட்டும் உரிய பணியாகக் கருதப்பட்டு வருகிறது. ஆயின் எழுத்து வரிசை, சொல்லின் ஒருமை, தகவலாளர் உரிமை ஆகிய மூன்றும் நிறுவும் நிலையிலேயே உறுதி செய்யப்படுகின்றன. மொழியியலார் அங்கு விலகி நின்றால், மரபு வரிசையை விட்டுக் குறியெண் வரிசையே அகராதியின் வரிசையாகிவிடும். பல்லாயிரம் சொற்களை உள்ளிட்ட பின்னர்த் திருத்துவதினும், முதற்சொல்லை உள்ளிடுமுன் இவற்றை ஆய்ந்து அமைத்தலே எளிது.