காது நாறினால் சோற்றைத் திட்டாதீர்கள்

தேனி மாவட்டம் அனுமந்தன்பட்டிப் பக்கம் வீட்டு நாய்க்குக் காது நாற ஆரம்பித்தால் இரண்டு பேர் மேல் உடனே பழி விழும். பெரியவர்களிடம் கேட்டால், “கோழிக்கறி சூடு, அதான் காதுல சீழ் வைக்குது” என்பார்கள். செல்போனில் தேடிப் படித்த பிள்ளைகள் சோற்றைக் கைகாட்டுவார்கள்: மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, காதில் ஈஸ்ட்டை வளர்க்கிறதாம். பெரியவர்கள் தப்பான காரணம் சொல்லிச் சில சமயம் சரியான ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அறிவியல் மாதிரியே பேசி, பெரும்பாலும் அப்பாவியைப் பிடிக்கிறார்கள்.

நாயின் காதில் பழுப்பு மெழுகும் புளித்த வாடையுமாகப் பெருகும் அந்த ஈஸ்ட்டின் பெயர் மலசேசியா பேக்கிடெர்மேட்டிஸ். 1925-இல் வீட்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை முதலில் விவரித்தது நாயிலிருந்து அல்ல, தோல் உரிந்துகொண்டிருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்திலிருந்து. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்கும் இதற்கும் குணம் வேறு. இது சர்க்கரையை நொதிக்க வைப்பதில்லை. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கவும் தெரியாது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. இதன் பங்காளி இனங்களை ஆய்வகத்தில் வளர்க்க, தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். ஆகவே நாய் தின்ற சோறு சர்க்கரையாகி நேரே காதுக்குப் போய் ஈஸ்ட்டுக்குத் தீனியாகிறது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

அந்த ஈஸ்ட் நல்ல காதிலும் கொஞ்சம் இருக்கும். கேட்க வேண்டியது, இத்தனை நாள் சும்மா இருந்தது இப்போது ஏன் பெருகியது என்பதுதான்.

நம் காதுத்துளை ஏறக்குறைய நேரானது, இரண்டரை சென்டிமீட்டர்தான். நாய்க்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை போகும்; அதுவும் முதலில் கீழே இறங்கி, பி.வி.சி. குழாயில் எல்போ மாட்டியதுபோல உள்பக்கம் திரும்பி, கடைசியில் செவிப்பறையில் முடியும். உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியேறாது. உள்சுவர் முழுக்கத் தோல். உடம்பில் மற்ற இடத்துத் தோலுக்கு அரிப்பு வந்தால் சிவந்து தடிப்பதுபோல இங்கேயும் தடிக்கும். ஆனால் இங்கே இடமில்லை. துளை சுருங்கும், மெழுகு கூடும், காற்றோட்டம் நின்று உள்ளே புழுங்கும். ஈஸ்ட்டுக்கு வேறென்ன வேண்டும்?

தொங்கும் காதுதான் காரணம் என்று சொல்வதும் பாதி உண்மை. பிரிட்டனில் 22,333 நாய்களின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வில், ஓராண்டில் 7.3 சதவீத நாய்களுக்கு வெளிக்காது அழற்சி இருந்தது. நிமிர்ந்த காது நாய்களைவிடத் தொங்கு காது நாய்களுக்கு வாய்ப்பு 1.76 மடங்கு. கூடுதல்தான், ஆனால் அதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. உத்தமபாளையம் தாண்டினால் கோம்பை. அந்த ஊர் பேரிலேயே விளங்கும் செந்நிற வேட்டைநாய்க்கு லாப்ரடார் போலக் கனத்த காது கிடையாது. ஆனாலும் கோம்பை நாய் வைத்திருப்பவர் ‘நமக்கு இந்தத் தொல்லை இல்லை’ என்று இருந்துவிட முடியாது; ஒவ்வாமைக்குக் காதின் வடிவம் ஒரு பொருட்டல்ல. தண்ணீரைக் குறை சொல்வதும் அப்படித்தான். ஜூன் 1-இல் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு வாய்க்கால் ஓடும். லாப்ரடார் அதில் குதிக்காமல் இருக்காது. குளித்து வந்ததும் காதைத் துடைத்து உலர்த்துவது நல்லது. ஆனால் வாய்க்கால் பக்கமே போகாத நாய்க்கும் காதுத் தொல்லை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஒவ்வாமையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அதில் பெரும்பங்கு தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் தோல் ஒவ்வாமை. உணவின் பங்கு அதைவிடக் குறைவு. 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அரிப்புள்ள நாய்களில் 9 முதல் 40 சதவீதத்துக்கு உணவு ஒவ்வாமை இருந்ததாகச் சொல்கிறது. இடைவெளி பெரிதுதான், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதைப் பொறுத்து மாறும். வருடம் முழுக்கப் பருவம் பார்க்காமல் அரிப்பு, பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, பின்பக்கத்தைத் தரையில் தேய்ப்பது, நாளுக்குப் பல முறை மலம் கழிப்பது ஆகியவை காதோடு சேர்ந்து வந்தால் தட்டைச் சந்தேகிக்கலாம்.

தட்டில் யாரை? உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் தகவலை 2016-இல் தொகுத்தார்கள். மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13. அரிசி பட்டியலின் கடைசியில் எங்கோ கிடக்கிறது. உடம்பு எதிர்ப்பது பெரும்பாலும் புரதத்தை. அதுவும் நாய் நாள்தோறும் தின்று பழகிய புரதத்தை. புதிதாக வாங்கிய தீவனத்தை மட்டும் குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி நம் ஊர் நாயின் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் பால்ச்சோறு, மத்தியானம் பிராய்லர் கடையில் வாங்கிய கோழிக்கால், தலை வேகவைத்த சோறு, இடையில் டீக்கடை பிஸ்கட். பால், கோழி, கோதுமை என்று பட்டியலில் மேலே இருக்கும் நான்கில் மூன்று ஒரே நாளில் உள்ளே போகின்றன. ‘சூடு’ என்று கோழியை நிறுத்துகிறவர் என்ன செய்கிறார்? குளிர்ச்சி என்று தயிர்ச்சோறு போடுகிறார். பால்தான் வினை என்றால் காது இன்னும் மோசமாகும்.

இரத்தம், எச்சில், முடி என்று எதைச் சோதித்தாலும் உணவு ஒவ்வாமையை நம்பிக்கையோடு சொல்ல முடியாது. உள்ள ஒரே வழி விலக்குணவு: நாய் இதுவரை வாய் வைக்காத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள், வேறெதுவும் இல்லை. 5 வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒவ்வாமை நாய்கள் தேறுகின்றன. 8 வாரம் பொறுத்தால் 90-ஐத் தாண்டுகிறது. இங்கே ஆட்டுக்கறி அவ்வளவு நல்ல தேர்வு அல்ல, ஞாயிற்றுக்கிழமை எலும்பு எல்லா நாய்க்கும் கிடைத்திருக்கும். வளர்ப்பு முயல், வெண்பன்றி, அணை மீன் இவற்றில் பழகாத ஒன்றைப் பார்க்கலாம். கோழிக்குப் பதில் காடை என்பது ஏமாற்று, இரண்டும் உறவு. கூடச் சேர்க்க, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போதும். புரதத்தைச் சிறு துண்டுகளாகச் சிதைத்துச் செய்த மருத்துவத் தீவனமும் உண்டு. விலைதான் கையைக் கடிக்கும். வீட்டுச் சமையல் 8 வாரத்துக்குத்தான். அதையே ஆண்டுக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச்சத்து போதாது. வளரும் குட்டிக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

சோதனை கெடுவது சமையலில் அல்ல, வீட்டு ஆட்களால். பாட்டி பரிவோடு போடும் ஒரு பிஸ்கட், பக்கத்து வீட்டு எச்சில் தட்டு, இறைச்சி வாசனை சேர்த்த குடற்புழு மாத்திரை, எதுவும் போதும். நாயைக் கட்டிப்போடாமல் இது நடக்காது.

இறைச்சிக்குப் பதில் பழம் கொடுக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது, உதிர்ந்து கிடப்பதும் ஆண்டு முழுவதும்தான். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று வரம்பு வகுக்க முடிவதில்லை. ஒரு நாய்க்குத் தாங்குவது இன்னொன்றைக் கொல்கிறது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம்.

இவ்வளவுக்கும் நடுவில் இப்போது நாறுகிற காதை யார் பார்ப்பது? உணவை மாற்றினால் வந்த ஈஸ்ட் தானாகப் போய்விடாது. மருத்துவர் பஞ்சில் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் துண்டில் உருட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் விடை வரும்: ஈஸ்ட்டா, பாக்டீரியாவா, காதுப்பேனா. மூன்றுக்கும் மருந்து வேறு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவாக இருந்தால், போன தடவை மிஞ்சிய சொட்டு மருந்து வீண் மட்டுமல்ல, அந்தக் கிருமியை மருந்துக்கு இன்னும் பழக்கிவிடும். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணெயோ, மஞ்சள் தண்ணீரோ, ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றுவது வம்பு. கிழிந்த பறை வழியே நடுக்காதுக்குள் போனால் சில மருந்துகளே செவிட்டை உண்டாக்கும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நுண்ணோக்கி இல்லையென்றால், வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

8 வாரத்தில் அரிப்பு அடங்கினால் வேலை பாதிதான் முடிந்தது. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பலரும் தயங்கி நழுவுவது இங்கேதான். உணவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் 14 நாளுக்குள் சொறிதல் திரும்பும். அப்புறம் பாலைத் தனியாக, கோழியைத் தனியாக, கோதுமையைத் தனியாகக் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாததை மட்டும் விலக்கினால் போதும். 8 வாரமும் ஒழுங்காக இருந்தும் அரிப்பு குறையவே இல்லையென்றால், சோறும் கோழியும் பாலும் பழையபடி தட்டுக்கு வரலாம். அந்த நாய்க்கு இருப்பது பெரும்பாலும் தூசி, மகரந்த ஒவ்வாமை. மருத்துவர் சொன்ன இடைவெளியில் காதுக் கழுவல், அரிப்பைக் குறைக்கும் மாத்திரை அல்லது ஊசி என்று அதை ஆயுசுக்கும் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.