பழையது யாருக்குச் சோறு?

பழைய சோற்றின் பெருமை பேசும் வாட்ஸ்அப் செய்திகளில் தவறாமல் ஒரு கணக்கு வரும். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்புச்சத்து, 12 மணி நேரம் தண்ணீரில் ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறதாம். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருப்பதால் நம்பவும் தோன்றும். ஆனால் இரும்பு ஒரு தனிமம். அரிசியிலோ தண்ணீரிலோ பாத்திரத்திலோ இல்லாத இரும்பை எந்த பாக்டீரியாவும் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்துவிட முடியாது. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். இந்தக் கணக்கு நிஜமானால் ஒரு கைப்பிடி பழையதிலேயே இரண்டரை நாள் தேவை தீர்ந்துவிடும். காவிரிக் கரையில் ரத்தசோகை என்ற பேச்சே இருந்திருக்காது. அரிசியில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருளைச் சிதைக்க நொதித்தல் உதவும். அதனால் இருக்கிற கொஞ்சம் இரும்பு உடம்பில் சேர்வது சற்று எளிதாகும். அவ்வளவுதான்.

இந்தப் பொய்க் கணக்கால் ஒரு நஷ்டம் உண்டு. பழையதில் உண்மையாகவே இருக்கும் சங்கதியை அது மறைத்துவிடுகிறது.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வீடுகளில் இது செய்முறை எழுதிவைக்கிற பண்டம் அல்ல. வடித்த புழுங்கலரிசிச் சோற்றில் இரவு மிஞ்சியதை ஆறவிட்டு, முழுகத் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பார்கள். விடியும்போது பருக்கைகள் ஊதிப் பருத்திருக்கும். தண்ணீர் வெளிறிக் கலங்கியிருக்கும். கையை விட்டுப் பிசைந்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்; லேசாகப் புளிப்பு வாடை அடிக்கும். உப்பு போட்டு, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தையோ மோர்மிளகாயையோ கடித்துக்கொண்டால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கு அதுதான் காலைச் சாப்பாடு. வசதி வந்ததும் முதலில் கைவிடப்பட்ட சாப்பாடும் அதுதான். 2021-ல் ஆஸ்திரேலியாவின் ‘மாஸ்டர்செஃப்’ இறுதிச் சுற்றில் கிஷ்வர் சௌத்ரி என்ற வங்காளப் பூர்வீகப் பெண் இதன் வங்காளச் சகோதரியான பாந்தா பாத்தைத் தட்டில் வைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நம் ஊர் ஓட்டல்களிலும் மண்சட்டியில் பழைய சோறு விலைக்கு வந்துவிட்டது.

பானைக்குள் இரவில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சோற்றின் மாவைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. புளிப்பு அங்கிருந்து வருகிறது. இது பலருக்கும் தெரிந்த வேலை. இரண்டாவது வேலைக்கு பாக்டீரியாவே தேவையில்லை. வெந்த சோறு ஆறும்போது, கொதியில் தளர்ந்து விரிந்த மாவுச்சத்து இழைகளில் ஒரு பகுதி மறுபடி நெருங்கி இறுகிக்கொள்கிறது. அப்படி இறுகிய மாவை நம் செரிமான நொதிகளால் எளிதில் வெட்ட முடிவதில்லை. நெல்லைப் புழுக்கிக் காயவைக்கும்போதும் இது ஓரளவு நடக்கிறது. ஆக, ஆறிய புழுங்கலரிசிச் சோற்றில் கொஞ்சம் மாவு செரிமானத்துக்கு மசியாமல் நிற்கும்.

செரிக்காத சோற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். பதிலுக்கு, சோறு எங்கே செரித்து முடிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் உணவுப் பதப்படுத்தலுக்கான மத்திய அரசு நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது. 1967-ல் திருவாரூரில், நவீன அரிசி ஆலை ஒன்றின் வளாகத்தில் சிறு ஆய்வகமாகத் தொடங்கி வளர்ந்தது அது. குறுவை அறுவடையில் மழை பிடித்து வீணாகும் ஈர நெல்லைக் காப்பாற்றுவதுதான் அன்றைய கவலை. பிற்பாடு அங்கே சி. ஆனந்தராமகிருஷ்ணன் இயக்குநராக இருந்த காலத்தில், இரைப்பையும் சிறுகுடலும் செய்யும் வேலையை ஆய்வகத்திலேயே செய்துகாட்டும் ‘ஆர்க்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். ஓர் உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையாக மாறுகிறது என்பதை மனிதர்களைச் சோதிக்காமலே அதில் கணிக்கலாம். வெள்ளைச் சோற்றின் கதை பெரும்பாலும் இந்த இடத்திலேயே, சிறுகுடலிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் பெருங்குடலுக்கு அதிகம் போய்ச் சேர்வதில்லை.

ஆனால் கூட்டம் இருப்பது அங்கேதான். ஒரு மனித உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் என்று 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பான்மை பெருங்குடல்வாசிகள். மேலே செரித்து உறிஞ்சப்பட்டவற்றில் அவற்றுக்குப் பங்கு இல்லை. நமக்குச் செரிக்காமல் தப்பி வரும் நார்ச்சத்தும் இறுகிய மாவும்தான் அவற்றின் சாப்பாடு. அவற்றை நொதிக்கவைத்து அவை அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான்.

இந்த அமிலங்களின் பலத்தைக் கண்கூடாகக் காட்டிய சோதனை ஒன்று வேலூரில் நடந்தது. காலரா வந்தவர்களின் சிறுகுடல் தண்ணீரைக் கொட்டித் தீர்க்கும். சர்க்கரையும் உப்பும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் உயிரைக் காப்பாற்றும். ஆனால் பேதியைச் சீக்கிரம் நிறுத்தாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் யோசித்தது வேறு திசையில். சிறுகுடல் இழப்பதைப் பெருங்குடல் உறிஞ்சி மீட்கலாமே, அதற்கு அங்கே குறுஞ்சங்கிலி அமிலங்கள் இருந்தால் போதுமே என்று நினைத்தார்கள். அந்த அமிலங்கள் உள்ளே போகும்போது சோடியத்தையும், சோடியம் தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்லும். 48 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல்; இன்னொன்றுக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு கலந்தது; மூன்றாவதற்கு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவு அதே 50 கிராம். முதல் குழுவில் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. அரிசிமாவுக் குழுவில் 71. செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57. இது 2000-ல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளிவந்தது. இதற்காக வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவைக்கூட உள்ளே அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தவற்றுக்குத் தீனி போட்டார்கள்.

பழையதில் அந்த அளவு தீனி இருக்கிறதா? இல்லை. இந்தோனேசியாவில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சுடச்சுடச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த செரிக்காத மாவு, 10 மணி நேரம் வெளியில் ஆறியபின் 1.30 கிராம் ஆனது. 24 மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் இருந்து மறுபடி சூடாக்கியபோது 1.65 கிராம். இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனாலும் தொகை சிறியது. பழையது தனியாளாக நின்று குடலைக் காக்காது. அதனுடன் வருகிறவர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சின்ன வெங்காயத்தில் இருக்கும் ஃபிரக்டான் என்ற நார்ச்சத்து குடல் பாக்டீரியாக்களுக்குப் பிடித்த தீனி. மோரில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பழையதை வேகவைக்காமல் அப்படியே குடிப்பதால் அதில் வளர்ந்தவையும் உயிரோடு உள்ளே போகின்றன. இட்லிக்கு இந்தப் பெருமை கிடையாது; மாவில் எத்தனை கோடி வளர்ந்தாலும் ஆவியில் வெந்ததும் செத்துவிடும். இட்லி மெத்தென்றிருக்க அவை காரணம், அதோடு சரி.

கணக்கில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 2.81 கிராம்தான் நார்ச்சத்து, புழுங்கலரிசியில் 3.74. முழுப் பச்சைப்பயறில் 17, முழுக் கொண்டைக்கடலையில் 25. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று அரிசியைச் சுற்றியே ஓடும் வீட்டில் பெருங்குடலுக்கு மிஞ்சுவது என்ன என்று இதிலிருந்தே தெரியும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பயறு டெல்டாவின் வயலிலேயே விளைகிறது. சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் போனபின் மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வளரும். இதற்கென்றே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ‘ஆடுதுறை 3’ போன்ற ரகங்களைத் தந்தது. அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கிய பிறகு முளைத்த பயறு சக்கரத்தில் நசுங்குகிறது என்பது விவசாயிகளின் பழைய புகார். தப்பி விளைவதிலும் உளுந்தின் பெரும்பகுதி தோல் நீக்கி வெள்ளையாகத்தான் சமையலறைக்குத் திரும்புகிறது. தோலோடு அரைத்த கறுப்பு உளுந்துக் களியும் உளுந்தங்கஞ்சியும் பெண்பிள்ளை பெரியவளானால் மட்டும் கிண்டும் பண்டமாக ஒதுங்கிப்போனது, என் பார்வையில், பழையது ஒதுங்கியதைவிடப் பெரிய இழப்பு. வாழைப்பூவும் வாழைத்தண்டும் அப்படித்தான்: தோட்டத்தில் குவிந்து கிடக்கும், ஆய்ந்து நறுக்கத்தான் ஆள் இருக்காது.

அரிசியையே மாற்றப் பார்த்தவர்களும் உண்டு. 1998-ல் வெளிவந்த ஆடுதுறை 43 என்ற சன்ன ரகத்தைத் தாயாக வைத்து, சடுதிமாற்ற முறையில் நார்ச்சத்து மிகுந்த வெள்ளை அரிசி ஒன்று உருவாக்கப்பட்டது. சென்னையில் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் அதைச் சோதித்தபோது நார்ச்சத்து வழக்கமான வெள்ளை அரிசியைவிட ஐந்து மடங்கு இருந்தது. ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் குறிக்கும் கிளைசிமிக் குறியீடு 79-லிருந்து 61-க்கு இறங்கியது. சர்க்கரை நோயாளிகளை மனத்தில் வைத்துச் செய்த வேலை, பெருங்குடலுக்கும் லாபம்.

இனி மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம். புரோபயாடிக் கேப்ஸ்யூல், சாஷே, குட்டி பாட்டில் எல்லாம் இப்போது கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கிடைக்கின்றன. ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பல தயாரிப்புகளின் அட்டையில் அதைப்போலப் பல மடங்கு எண்ணிக்கை அச்சிட்டிருக்கும். ஆனால் எண்ணிக்கையைவிட எந்த வகை, எந்த நோய்க்கு என்பதே முக்கியம். ஒடிசாவின் 149 கிராமங்களில், புதிதாகப் பிறந்த 4,556 குழந்தைகளிடம் நடந்து 2017-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான சோதனை இதற்கு நல்ல உதாரணம். தேர்ந்தெடுத்த ஒரே ஒரு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் வகையை, அதற்குத் தீனியான ஃபிரக்டோ-ஆலிகோசாக்கரைடுடன் ஏழு நாள் கொடுத்ததில், ரத்தத்தில் தொற்று பரவுவதும் மரணமும் சேர்ந்து 40 சதவீதம் குறைந்தன. இதைப் படித்துவிட்டு எந்தப் புரோபயாடிக்கையும் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு அவை ஆபத்தான தொற்றை உண்டாக்கலாம் என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

பெரியவர்களுக்கு? 2020-ல் அமெரிக்க இரைப்பை-குடலியல் சங்கம் கைக்குக் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசி, பெரும்பாலான வயிற்றுக் கோளாறுகளுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் ‘நல்ல பாக்டீரியா’வை நிரப்பலாம் என்ற பரவலான நம்பிக்கைக்கும் அடி விழுந்தது: 2018-ல் வைஸ்மன் நிறுவனத்தார் பார்த்தபோது, புரோபயாடிக் எடுத்தவர்களின் குடலில் சொந்த பாக்டீரியாக் கூட்டம் திரும்பத் தாமதமானது. வந்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டன. மலச்சிக்கலுக்குப் பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் இசப்கோல் உமி வாங்கி, நிறையத் தண்ணீருடன் குடிப்பது மலிவு. அதற்கு ஆதாரமும் வலுவாக உண்டு.

பழைய சோற்றையே மருந்தாகச் சோதிக்கும் முயற்சியும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவைசிகிச்சைத் துறை, குடல் அழற்சி நோயாளிகளிடம் இதன் பலனை ஆராய மாநில அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது. வாட்ஸ்அப் கணக்குக்கு இது எவ்வளவோ மேல். அப்படிப்பட்ட நோய் இருப்பவர்கள் மருந்தை நிறுத்திவிட்டுப் பானையைத் தேடக் கூடாது. வயிறு சட்டென்று உப்பும் குடல் எரிச்சல்காரர்களுக்கு வெங்காயமும் பயறுமே தொல்லை கொடுக்கும்; அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பது நல்லது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு என்றால் சாப்பாட்டு வைத்தியம் எதுவும் உதவாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

பானையிலும் ஒரு கவனம் வேண்டும். சோறு கொதித்தாலும் சாகாத வித்துகள் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிக்கு உண்டு. மதியச் சோறு தண்ணீரில்லாமல் வெதுவெதுப்பாகவே ராத்திரிவரை கிடந்தால் அது பெருகி நஞ்சைக் கக்கும். சீக்கிரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், ஏறிவரும் புளிப்பு அதை அடக்கிவைக்கும். காலையில் சோறு கொழகொழவென்று நூல் விட்டாலோ, புளிப்பை மீறிக் கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். சூடாக்கிச் சாப்பிடலாம் என்று பார்க்கக் கூடாது; வாந்தி எடுக்கவைக்கும் அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.