காலந்தாழ்ந்து வந்த கௌரவம்

ஜெஸ்ஸி ஓவன்ஸ், 1913-ல் அமெரிக்காவின் அலபாமாவில், பருத்திக் காட்டை வாரத்திற்கு உழுத குடியானவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் தாமும் பருத்தி எடுத்தவர். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு விளையாட்டு உபகாரச் சம்பளம் கிடையாது. லிப்ட் இயக்கும் வேலை செய்து பயின்றார். கறுப்பினத்தவராதலால் பல்கலைக்கழக விடுதியிலும் இடமில்லை.

எனினும், 1935 மே 25-ல் ஆன் ஆர்பரில் 45 நிமிஷத்திற்குள் மூன்று உலக சாதனைகளை முறியடித்தார். நான்காவதைச் சமன் செய்தார். அன்று தாண்டிய 26 அடி 8¼ அங்குலத்தை 25 ஆண்டுகள் எவரும் விஞ்சவில்லை. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் பெற்றார்.

பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்ததோ 1972-ல்; அவர் காலமானது 1980-ல்; அவர் பெயரில் விளையாட்டரங்கு எழுந்தது 2001-ல். பட்டமும் அரங்கும் பெருமையே. ஆயினும் பயிலும் நாளில் அவருக்கு வேண்டியிருந்தவை உணவும் உறைவிடமுமே. நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக் களத்தில் இறங்கும்போது, மாலைக்கு முன் கைகொடுப்போமாக.