மூளைக்கு ஒரு வைவா!

'மச்சி, நான் ரைட் பிரெய்ன் ஆளு. அதான் மேத்ஸ் வரல!'

'எனக்கெல்லாம் காதால கேட்டாதான் மண்டையில ஏறும். புக்கைத் திறந்தா தூக்கம்தான்!'

'நாம மூளையில பத்து பெர்சன்ட்தான் யூஸ் பண்றோமாம். ஐன்ஸ்டீனே சொல்லிருக்காரு!'

எந்த காலேஜ் கேண்டீனாக இருந்தாலும் சரி... ஒரு டீயும் சமோசாவும் முடிவதற்குள் இதில் ஒன்றாவது காதில் விழுந்துவிடும். கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால், இதை நம்பித்தான் ஒருத்தர் மேத்ஸ் பேப்பரைக் கை கழுவுகிறார். இன்னொருத்தர் புக்கையே தொடாமல் இருக்கிறார். கடைசியில் அரியர் எழுதப்போவது மூளை இல்லை பாஸ், நாமதான்!

அதனால், இந்த வசனங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நிற்கவைத்து ஒரு வைவா நடத்துவோமா? எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்... சாட்சாத் அறிவியல்!

பத்து பெர்சன்ட் பார்ட்டி

முதல் விஷயம், ஐன்ஸ்டீன் இப்படிச் சொன்னதற்கு எந்தப் பதிவும் கிடையாது. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், 'மனுஷன் தன்னோட திறமையில கொஞ்சத்தைத்தான் பயன்படுத்துறான்' என்ற பொருளில் எழுதினார். 1936-ல் டேல் கார்னகி எழுதிய சுயமுன்னேற்றப் புத்தகத்தின் முன்னுரையில் அந்தக் 'கொஞ்சம்', 'பத்து சதவிகிதம்' ஆகிவிட்டது. திறமை என்பது மெள்ள மெள்ள மூளையாக மாறியது. 2014-ல் வந்த 'லூசி' ஆங்கிலப் படம் வரைக்கும் அந்த வதந்திக்கு நல்ல ஓட்டம்!

நிஜம் என்ன? நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால், உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அதுவே காலி பண்ணுகிறது. தொண்ணூறு சதவிகிதம் சும்மா கிடக்கிற ஒரு உறுப்புக்கு இவ்வளவு தீனி எதற்கு? ஸ்கேன் செய்து பார்த்தால், நாம் தூங்கும்போதுகூட மூளையில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களைப் பாருங்கள்... மூளையில் ஒரு சின்ன இடம் பாதிக்கப்பட்டாலே பேச்சோ, கையோ, காலோ போய்விடுகிறது. 'ஸ்பேர்' என்று எதுவும் உள்ளே இல்லை.

இந்த லாஜிக்கை வைத்துத்தான், உங்கள் தம்பி தங்கையைக் குறிவைத்து 'நடுமூளையைத் தட்டி எழுப்புறோம், கண்ணைக் கட்டிக்கிட்டுப் படிக்கலாம்' என்று ஃபீஸ் வசூலிக்கிற வகுப்புகளும் நடக்கின்றன. நடுமூளை என்பது கண் அசைவு, காதில் விழும் சத்தம் போன்றவற்றைக் கவனிக்கிற பகுதி. பிறந்ததிலிருந்தே அது ஆன்ல தான் இருக்கு! கட்டுத்துணிக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற இடுக்கை அடைத்துவிட்டுப் படிக்கச் சொன்னால், வித்தை அதோடு சரி.

ரிசல்ட்: ஃபெயில்!

லெஃப்ட்டா, ரைட்டா?

இது கொஞ்சம் விவரமான கேண்டிடேட். பாதி உண்மையோடு வந்து நிற்கிறது.

வலிப்பு நோய் கட்டுக்கடங்காமல் போன சிலருக்கு, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புக் கற்றையை அறுத்துவிடும் ஆபரேஷன் நடந்தது. அவர்களை வைத்து ஆராய்ச்சி செய்தவர் அமெரிக்காவின் ரோஜர் ஸ்பெர்ரி. இரண்டு பாதிகளும் சில வேலைகளில் வேறு வேறு திறமை காட்டுவதை நிரூபித்தார். 1981-ல் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு, மொழி சமாசாரமெல்லாம் இடது பக்கம் அதிகம் என்பது உண்மைதான்.

ஆனால், 'இந்த வேலை இந்தப் பக்கம்' என்பது வேறு, 'இந்த ஆளு இந்தப் பக்கம்' என்பது வேறு. இரண்டாவதைத்தான் 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 7 வயது முதல் 29 வயது வரை 1,011 பேரின் மூளை ஸ்கேன். ஒவ்வொரு மூளையையும் ஏழாயிரத்துக்கும் அதிகமான பகுதிகளாகப் பிரித்து அலசினார்கள். 'இவர் லெஃப்ட் கட்சி, அவர் ரைட் கட்சி' என்று பிரிக்கிற மாதிரி எதுவும் சிக்கவில்லை. கவிதை எழுதினாலும் கால்குலஸ் போட்டாலும், இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வேலை செய்கிறது.

ஆக, மேத்ஸ் வரவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. ப்ளஸ் டூவில் விட்டுப்போன ஒரு சாப்டராகக்கூட இருக்கலாம்!

ரிசல்ட்: ஃபெயில்!

'எனக்குக் கேட்டாதான் ஏறும்!'

'நான் விஷுவல் லேர்னர், அவன் ஆடிட்டரி லேர்னர்' என்று ஜாதி பிரிக்கிற விஷயம் இது. பசங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2012-ல் இங்கிலாந்து, நெதர்லாந்து ஆசிரியர்களிடம் கேட்டபோது, அவர்களிலேயே 90 சதவிகிதத்துக்கும் மேல் இதை நம்பினார்கள்!

இதை நிரூபிக்க என்ன வேண்டும்? 'பார்த்துப் படிக்கிற' கோஷ்டி படம் பார்த்துப் படித்தால் அதிக மார்க் வாங்க வேண்டும். 'கேட்டுப் படிக்கிற' கோஷ்டி அதே பாடத்தைக் கேட்டுப் படித்தால் அதிக மார்க் வாங்க வேண்டும். ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், வெளிவந்த ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்து 2008-ல் அறிக்கை கொடுத்தார்கள். சரியான முறையில் நடந்த ஆராய்ச்சிகளே குறைவு. அவற்றிலும் பல இந்த நம்பிக்கைக்கு எதிராகவே இருந்தன.

'எனக்கு வீடியோதான் பிடிக்கும்' என்பது நிஜம்தான். ஆனால், பிடிப்பது வேறு, மண்டையில் ஏறுவது வேறு. எப்படிப் படிப்பது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாடம்தான். இதயத்தின் அமைப்பைப் படிக்க எல்லோருக்கும் படம் வேண்டும். ஃபிரெஞ்சு உச்சரிப்பைப் படிக்க எல்லோருக்கும் காது வேண்டும்!

ரிசல்ட்: இதுவரை ஃபெயில். ஆதாரத்தோடு வந்தால் ரீ-வேல்யுவேஷன் உண்டு!

அப்போ பாஸானது யாரு?

ஒருத்தர் மட்டும் டிஸ்டிங்ஷனில் பாஸ். ஆனால், அவரை யாருக்குமே பிடிக்காது. பெயர்... டெஸ்ட்!

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் காலேஜ் ஸ்டூடன்ட்ஸை வைத்துச் செய்த சோதனை 2006-ல் வெளியானது. எல்லோருக்கும் ஒரு அறிவியல் பாடம். ஒரு குரூப் அதைத் திரும்பத் திரும்ப நான்கு ரவுண்டு படித்தது, நம்ம ஊரில் உருப்போடுகிற மாதிரியே. இன்னொரு குரூப் ஒரு ரவுண்டு மட்டும் படித்தது. மற்ற மூன்று ரவுண்டிலும் புக் கிடையாது. வெள்ளைத்தாளில் ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து நிமிடம் கழித்து நினைவில் இருந்தது எவ்வளவு? உருப்போட்டவர்கள் 83 சதவிகிதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. 'பார்த்தியா, நான்தான் சொன்னேனே!' என்று குதிக்காதீங்க. ஒரு வாரம் கழித்துப் பார்த்தார்கள். உருப்போட்டவர்கள் 40. எழுதிப் பார்த்தவர்கள் 61!

இதில் இன்னொரு ட்விஸ்ட்... 'ஒரு வாரம் கழிச்சு ஞாபகம் இருக்கும்'னு அதிக நம்பிக்கையோடு சொன்னது உருப்போட்ட குரூப்தான்! திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. 'இது எனக்குத் தெரியும்' என்று மனசு சொல்லிவிடுகிறது. முகம் தெரிந்த ஆளின் பெயர் வாயில் வராமல் தவிக்கிறோமே, அதே கதைதான் எக்ஸாம் ஹாலிலும்.

2013-ல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் பத்து படிப்பு முறைகளை எடைபோட்டபோதும் இதேதான் வந்தது. ஹைலைட்டர் போடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசி பெஞ்ச். தன்னைத்தானே டெஸ்ட் பண்ணிக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் பெஞ்ச்.

இந்த செமஸ்டருக்கு...

* ஒரு டாபிக் படித்ததும் நோட்டை மூடுங்க. தெரிந்ததை ஒரு தாளில் எழுதுங்க. பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் படிங்க.

* ரெண்டு நாள் கழித்து மறுபடி. அடுத்த வாரம் இன்னொரு தடவை. ஒரே ராத்திரியில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, ஆறு நாளில் ஒரு மணி நேரம் பெட்டர்.

* ரூம் மேட்டைக் கேள்வி கேட்கச் சொல்லுங்க. பழைய கொஸ்டின் பேப்பரை, விடையைப் பார்க்காமல் எழுதிப் பாருங்க.

* தூக்கத்தை வெட்டாதீங்க. படித்ததை மூளை பதிய வைக்கிற வேலை அங்கேயும் நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை... முதல் தடவை தாள் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். 'நாம வேஸ்ட்டு'ன்னு தோணும். அப்படி இல்லை பாஸ். அந்தக் காலி இடம் எக்ஸாம் ஹாலில் தெரிவதற்குப் பதிலா, உங்க ரூமிலேயே தெரிஞ்சுடுச்சு. மார்க் போடுறதுக்கு அங்கே யாரும் இல்லை. நிரப்ப இன்னும் நாள் இருக்கு!